நூற்றிரண்டு டிகிரி மஞ்சள் தண்ணீர்

போன மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து ஒரு இளம் டாக்டர் போன் செய்தார். நோயாளிப் பதிவேடு மொத்தமும் கம்ப்யூட்டருக்குப் போகிறதாம். ஆடு மாட்டின் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் டேக்கின் எண்ணை அடித்தால் போதுமாம். 'அடையாளக் குறிப்பு' என்று நான் சண்டை போட்டு வைத்திருந்த கட்டத்துக்கு அதில் இடமில்லையாம்.

"ஒவ்வொரு ஆட்டுக்கும் நாலு வரி எழுதுன்னு ஏன் மேடம் எங்கள அந்தப் பாடு படுத்துனீங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணனப் பிடிக்கத்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எழுதிக் கொடுங்கள், எல்லாரும் படிக்கிறோம் என்றார். ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

நான் முப்பது சொச்சம் வருடம் அரசுக் கால்நடை மருத்துவர். பெரம்பலூரில் தொடங்கி அரியலூரில் முடித்தேன். கல்லூரியில் படித்த ஐந்து வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் என்று ஒரு பாடம் இருந்தது. மிருக வதைத் தடுப்பு, இறைச்சிச் சோதனை, பால் கலப்படம் எல்லாம் அதில் வரும். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே மூச்சில் படித்து, பரீட்சை முடிந்த மதியமே மறந்த பாடம் அது. அதையே பிற்காலத்தில் நான் இருபது வருடம் நடத்த வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், சிரித்து உருண்டிருப்பேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையில் ஒரு லாரியைப் போலீஸ் நிறுத்தினார்கள். உள்ளே பதினாலு மாடுகள். ஒன்றின் கொம்பு இன்னொன்றின் விலாவில். காலை மடித்துக்கொண்டு விழுந்த ஒரு காளையின் மேல் மற்றவையெல்லாம் நின்றுகொண்டிருந்தன. நான் போய்ப் பார்த்து, ஆத்திரத்தோடு மூன்று பக்கத்துக்குச் சான்றிதழ் எழுதினேன். 'மனிதத்தன்மையற்ற' என்ற சொல் அதில் நாலு இடத்தில் வந்தது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையான மனிதர்.

"லாரியோட தரை எவ்வளவு நீள அகலம் டாக்டரம்மா?"

"சுமாரா பதினஞ்சுக்கு ஏழு இருக்கும் சார்."

"சுமாரா. நல்லது. இந்தக் கோர்ட்டு ஹாலு சுமாரா எத்தனை அடி அகலம் இருக்கும்?"

நான் சுற்றிலும் பார்த்தேன். "இருபத்தஞ்சடி."

அவர் கவுன் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து டவாலியிடம் கொடுத்தார். நீதிபதி வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கும் ஆவலாக இருந்திருக்க வேண்டும். அளந்தார்கள். பதினெட்டடி.

"ஏழடி தள்ளிப்போச்சு டாக்டரம்மா. நீங்க சொன்ன கணக்குப்படி ஏழடிங்கறது ஒரு முழு லாரியோட அகலம்" என்றார் வக்கீல். நீதிபதி குனிந்து எதையோ தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். வழக்கு நிற்கவில்லை.

வெளியே வந்தால் வேப்ப மரத்தடியில் என் மேலதிகாரி நிற்கிறார். தெய்வசிகாமணி என்று பெயர், அப்போது உதவி இயக்குநர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார், 'தப்பு' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். நாம் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் பச்சை மையால் சின்னதாக ஓர் எழுத்துப் போடுவார். அளந்து எழுதியதென்றால் 'அ'. கண்ணால் பார்த்ததென்றால் 'பா'. பிறர் சொல்லிக் கேட்டதென்றால் 'கே'. மூன்றிலும் சேராத வாக்கியத்துக்கு ஒரு வட்டம். என் அறிக்கைகள் அந்தக் காலத்தில் கோலம் போடுவதற்குப் புள்ளி வைத்த வாசல் மாதிரி திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய தண்டனை அவர் கொடுக்கும் மோர். யாரையாவது கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதலில் உட்காரச் சொல்லி, பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுப்பார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் கேட்பார். அந்த மோர் என்னவோ இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு அருமையாகத்தான் இருக்கும். ஆனால் குடிக்கும்போது தொண்டையில் இறங்காது.

அன்றைக்கும் மரத்தடியிலேயே பிளாஸ்க்கைத் திறந்தார். குடித்து முடித்தேன்.

"அளந்தீங்களா டாக்டர்?"

"இல்ல சார்."

"மாடு நெரிசல்ல நின்னுச்சுன்னு நமக்குத் தெரியும். மாட்டுக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா?"

மறுநாள் அவர் ஆபீசிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று. கடிதம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வளர்ந்தவள் நான். அரியலூருக்கு மாற்றலாகி வந்த பிறகு, கல்லூரியில் கடைசி வருடம் முடித்த மாணவர்களை ஆறேழு பேராக எங்கள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஊசி போடவும் கன்று இழுக்கவும் மற்ற டாக்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டம் நடத்த யாரும் முன்வரவில்லை. கோர்ட்டில் தோற்ற அனுபவம் எனக்கு மட்டும்தான் இருந்தது என்பதால் என் தலையில் விழுந்தது.

மருந்து அறைக்குப் பின்னால் ஒரு அறையில் வகுப்பு. பிரிவு எண்களை நான் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. ஓர் ஆட்டை அறைக்குள் ஒரு நிமிடம் நடத்திக் கூட்டிப் போவேன். எல்லாரும் அதன் அடையாளத்தை எழுத வேண்டும். பிறகு அதை இன்னும் நாலு ஆட்டோடு வெளியே கட்டிவிட்டு, ஆட்டைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, 'இந்த ஆட்டைக் கண்டுபிடி' என்பேன். பாதிப் பேர் வேறு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். 'லட்சணமான ஆடு' என்று எழுதிய ஒரு பையனை, ஐந்து ஆட்டுக்கும் முன்னால் நிறுத்தி எது லட்சணம் என்று கேட்டு அழ வைத்திருக்கிறேன்.

உணவுச் சட்டத்துக்குக் கறிக்கடைத் தெருவே வகுப்பறை. விடியற்காலையில் ஏழு வெள்ளைக் கோட்டுகளோடு நான் தெருமுனையில் திரும்பினால் போதும், முதல் கடைக்காரர் குரல் கொடுப்பார்: "சட்டம் வருதுடா, வலையை எறக்கு!" வரிசையாக ஈ வலைகள் இறங்கும். பழைய துணிகள் மறையும். கத்திகள் கழுவப்படும். நாங்கள் போன பிறகு வலை மறுபடி மேலே போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் சில நாள் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வருவேன். கடைக்காரர்களுக்கு என் மேல் இருந்த பாசத்துக்கு அளவே இல்லை.

இன்னொரு விதி நான் போட்டது. ஊசி போட்ட ஆட்டின் உடம்பில் மருந்து பல நாள் தங்கியிருக்கும். அதற்குள் அறுத்தால் மருந்து சாப்பிடுகிறவர் உடம்புக்குப் போகும். ஆகவே எங்கள் மருத்துவமனையில் எந்த ஆட்டுக்கு அந்த மாதிரி ஊசி போட்டாலும், 'இத்தனை நாளைக்குக் கறிக்கு ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதி, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஊரில் சிரித்தார்கள். நான் விடவில்லை.

இனி அண்ணன் கதை.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் குழந்தை இல்லை. என் அண்ணன் கலியமூர்த்திக்கு ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. அவருக்கு என்னைத் தவிர வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. 'தங்கச்சி வயித்துல ஒரு புள்ள பொறந்தா, தாய்மாமன் கிடா வெட்டிக் காது குத்துறேன்' என்று எங்கள் பிறந்த வீட்டுக் குலதெய்வமான வீரனாருக்கு வேண்டிக்கொண்டார். எனக்கு முப்பத்தொன்பது வயதில் மகன் பிறந்தான். அடுத்த வருடமே அண்ணன் ஒரு குட்டியை வாங்கி வீரனார் பேரில் விட்டார். என் மாற்றல், அது இது என்று காதுகுத்துத் தள்ளிப்போய் மகனுக்கு ஐந்து வயதாகிவிட்டது. கிடாவுக்கு நாலு வயது. கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்திருப்பதாக அண்ணி போனில் சொல்லுவார். நான் அதைக் குட்டியாக ஒரு தடவை பார்த்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். அந்த மாதம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்களையும் கூப்பிட்டிருந்தேன். விருந்து என்றதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதில் கோகிலா என்று ஒரு பெண். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. எதையும் அரைகுறையாக விடமாட்டாள். வகுப்பில் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் 'அதெப்படிங்க மேடம்?' என்பாள்.

கோயில் முந்திரிக்காட்டுக்கு நடுவில். பந்தல், மைக் செட், ஒரு பக்கம் அடுப்பில் அண்டாக்கள். கறிக்கென்று சந்தையிலிருந்து வாங்கிய இரண்டு ஆடுகளை வழக்கம்போல நானே வாயைப் பிளந்து, கண்ணைப் பார்த்து, சரி என்று சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்து உறவெல்லாம் வேன் வைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேளத்தோடு அண்ணன் சீர் கொண்டு வந்தார். முன்னால் தட்டுகள், பின்னால் மாலை போட்ட கிடா, அதைப் பிடித்துக்கொண்டு பட்டு வேட்டியில் அவர்.

கோகிலா என் பக்கத்தில் நின்றாள். கிடாவைப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் போய் மறுபடி பார்த்தாள்.

"மேடம், இது நம்ம கேஸுங்க."

"எது?"

"திங்கக்கெழம நெஞ்சுச்சளின்னு வந்துதுங்களே. செங்கருப்பு, வலது காது நுனி ரெண்டாக் கிழிஞ்சது, நெத்தியில நாமம் மாதிரி வெள்ளை, எடது கொம்பு உள்ள வளைஞ்சது. நாந்தான் எழுதுனனுங்க. எடது கண்ணுல மட்டும் ஆளை மொறைக்கும்னு எழுதி, மறுநாள் பாத்துட்டு நீங்ககூட மொறைக்கறது அடையாளம் இல்லைன்னு அடிச்சீங்க."

கிடா இடது கண்ணால் என்னை முறைத்தது.

"வேற ஆடா இருக்கும்மா. இது எங்கண்ணன் ஆடு."

"உங்க அண்ணன் எங்கீங்க?"

காட்டினேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "அவருதானுங்க முருகேசன்."

"எந்த முருகேசன்? எங்கண்ணன் பேரு கலியமூர்த்தி."

"கையெழுத்துப் போடறப்ப மொதல்ல 'க'ன்னு போட்டு அடிச்சிட்டு, அப்பறம் முருகேசன்னு போட்டாருங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துதுங்க."

திங்கட்கிழமை நான் ஒரு வழக்குக்காகப் பெரம்பலூர் கோர்ட்டில் இருந்தேன். அது அண்ணனுக்குத் தெரியும். கிடாவுக்குக் காய்ச்சல் நூற்றைந்து போயிருக்கிறது. பக்கத்து ஊர் டாக்டர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களிடம் போனால் சாயந்தரத்துக்குள் எனக்குப் போன் வந்துவிடும், ஊசி போட்ட கிடாவை வெட்ட நான் விடமாட்டேன். நான் இல்லாத நாளில் என் மருத்துவமனையைவிடப் பத்திரமான இடம் அவருக்கு வேறெங்கே? டூட்டியில் இருந்த டாக்டர் பார்த்து, நீண்ட நாள் வேலை செய்யும் மருந்தை எழுதியிருக்கிறார். கோகிலா ஊசி போட்டு, சிவப்பு மையில் 'இருபத்தெட்டு நாளைக்குக் கறிக்கு ஆகாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு ஆறாவது நாள்.

அண்ணனைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"முருகேசன் சௌக்கியமா அண்ணே?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?" என்றார். "ராணி, நீ கத்தாத. கிடா எந்திரிக்கவே இல்ல. மூச்சு முட்டுது. புள்ள பேர்ல விட்ட கிடா, காது குத்தறதுக்குள்ள செத்துப்போனா நான் என்னன்னு நெனைப்பேன்? எதுத்தாப்புல ஒன் மவன் மொகந்தான் வந்துச்சு. தூக்கி வண்டியில போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"வந்தது சரிண்ணே. இப்ப வெட்டக் கூடாதே. வெட்டுனா தலை பூசாரிக்கு, தொடை பங்காளிக்கு, மிச்சம் பந்திக்கு. ஊசி மருந்து அத்தனையும் புள்ளைங்க வயித்துக்குப் போவும்."

"நாள் தள்ளுன்றியா? ஒன் மாமியா வூட்டு சனம் பூரா வந்து ஒக்காந்திருக்கு. வேண்டுதல நடுவுல நிறுத்துனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? என்னால முடியாது ராணி. ஒன் சட்டத்துக்கு நான் கட்டுப்படறேன், வீரனாரு கட்டுப்படுவாரா?"

கண் கலங்கிவிட்டார். எனக்கும் ஒரு கணம் அதே பயம் வந்தது. பத்து வருடம் காத்திருந்து பெற்றவள். தூரத்தில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மகன் ஓடிக்கொண்டிருந்தான். அந்த ஒரு கணம் நான் கால்நடை மருத்துவரும் இல்லை, சட்டம் நடத்துகிறவளும் இல்லை.

கோயில் பக்கம் திரும்பி நடந்தேன். பின்னாலேயே கோகிலா.

"வீட்டு விசேஷம் உணவுச் சட்டத்துக்குள்ள வருங்களா மேடம்?"

"வீட்டுல சமைச்சா வராதுன்னு சொல்லலாம். சமையல் மாஸ்டர் தொழிலா பண்றாரு. வாதாடலாம்."

"வதைச் சட்டத்துல?"

"சமயச் சடங்குக்குக் கொன்னா குத்தம் இல்ல."

"அப்ப சட்டத்துல வழியே இல்லீங்களா?"

இல்லை. இருந்தாலும் என் அண்ணன் பயத்துக்கு எந்தப் பிரிவிலும் மருந்து இல்லை. மனிதர் யார் சொன்னாலும் அவரால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வீரனார்தான் நிறுத்த வேண்டும்.

அப்போதுதான் பூசாரி, "புள்ளையோட ஆத்தா, மஞ்சத்தண்ணிக் குடம் கொண்டாங்க!" என்று குரல் கொடுத்தார்.

கிடா வெட்டும் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பவில்லையென்றால் வெட்ட மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் காதிலும் முதுகிலும் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும். அது ஆட்டின் உடம்பு வாகு. தண்ணீர் சில்லென்று இல்லாவிட்டால்?

குடத்தை எடுத்துக்கொண்டு நேராக அடி பம்புக்குப் போவதுபோல் போய், சமையல் பந்தலில் நுழைந்தேன். அரிசி போடாத உலை ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு சொம்பு மொண்டு குடத்தில் ஊற்றினேன். சமையல் மாஸ்டர் பார்த்தார். "குளிர் காலமுங்க" என்றேன். சித்திரை மாதம்.

கோகிலா சேலை மடிப்பிலிருந்து தர்மாமீட்டரை எடுத்தாள். காதுகுத்துக்கு தர்மாமீட்டரோடு வந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். குடத்தில் விட்டாள். பாதரசம் விறுவிறுவென்று ஏறவும் பதறி வெளியே எடுத்தாள்.

"சுடுதுங்க மேடம். வெந்துபோயிருங்க."

பம்புத் தண்ணீர் அரைக் குடம் கலந்தோம். பாதரசத்தை உதறி இறக்கிவிட்டு மறுபடி வைத்தாள். இன்னும் கொஞ்சம். மறுபடி.

"நூத்திரண்டுங்க. ஆட்டோட ஒடம்புச் சூடும் அதேதானுங்க. அதுக்குத் தண்ணி பட்டதே தெரியாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், இது சரிங்களா?"

"சட்டப்படி தப்பில்ல."

"அதைக் கேக்கலீங்க."

மேளம் வேகமெடுத்தது. மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் குனிந்து கிடாவின் கழுத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். பூசாரி சொம்பில் மொண்டு தலையிலிருந்து வால்வரைக்கும் ஊற்றினார். ஊரே குலவையிட்டது. கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னொரு தரம்" என்றார் பூசாரி. ஊற்றினார். கிடா அசை போட ஆரம்பித்தது.

மூன்றாவது சொம்பு. அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து கிழிந்த காதில் உட்கார்ந்தது. காது ஆடியது.

"சிலுப்பிருச்சு! உத்தரவு ஆயிருச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு பங்காளி கத்தினார். அவருக்குத்தான் தொடை.

பூசாரி கையை உயர்த்தினார். "காது ஆடுனது கணக்கில்ல. ஒடம்பு பூரா சிலுப்பணும். கொம்புலேர்ந்து வாலு வரைக்கும் சிலுப்பணும். எங்கப்பன் காலத்துலேர்ந்து அதான் மொறை." எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. தெய்வசிகாமணி சாரைத் தவிர இன்னொருவர் இவ்வளவு துல்லியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

குடம் காலியாகும்வரை ஊற்றினார். கிடா அண்ணன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. பூசாரி சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "வீரனாருக்கு இந்த உசுரு வேணாமாம். புள்ளைக்குக் காது குத்துங்க. கூடவே கிடாவுக்கும் காதுல ஒரு துளி ரத்தம் எடுத்து விட்டுருங்க, வேண்டுதல் தீந்துச்சு" என்றார்.

அண்ணன் நிமிரவே இல்லை. கிடாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். நான் ஏமாற்றிவிட்டேன் என்ற உறுத்தல் அப்போது ஆரம்பித்தது.

விருந்தில் இரண்டு ஆட்டுக் கறியை முந்நூறு பேருக்குப் பிரித்ததில், குழம்பில் துண்டு கிடைத்தவர் பக்கத்து இலைக்காரருக்குக் காட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

மாணவர்கள் தினமும் பயிற்சிக் குறிப்பேடு எழுத வேண்டும். திங்கட்கிழமை கோகிலா தன்னுடையதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். முருகேசன் முதல் மஞ்சள் தண்ணீர்வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். 'நடவடிக்கை: சுடுதண்ணீர்' என்று இருந்தது. கடைசி வரி இது: 'உண்மையைச் சொல்லாமல் நல்லதைச் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.'

நான் கையெழுத்துப் போட்டால் மேலே போகும். மேலே என்றால் தெய்வசிகாமணி சார். அவர் அப்போது இணை இயக்குநராகி எங்களுக்கே திரும்பி வந்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுது என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. வகுப்புக்கு வகுப்பு 'உள்ளதை எழுது' என்று கத்துகிறவள் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அதோடு வகுப்பை மூடியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு டம்ளர் மோர். கோகிலா ரசித்துக் குடித்தாள், பாவம், அவளுக்குத் தெரியாது.

"தண்ணியோட சூட்டை அளந்தீங்களாம்மா?"

"அளந்தனுங்க சார். நூத்திரண்டு."

பச்சைப் பேனாவால் 'அ' போட்டார். 'சுடுதண்ணீர்' என்பதை அடித்து 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று திருத்தினார். "நூத்திரண்டு சுடுதண்ணி ஆகாது" என்றார். கிடா சிலுப்பாததற்கு 'பா'. சாமி வேண்டாமென்று சொன்னதற்கு 'கே'. கடைசி வரிக்கு வந்ததும் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"இதுக்கு என்ன எழுத்துப் போடறது டாக்டர்?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல" என்று சொல்லி, வட்டம்கூடப் போடாமல் மூடிக் கொடுத்தார். அவர் திருத்தாமல் விட்ட வாக்கியம் என் வேலைக் காலத்தில் அது ஒன்றுதான்.

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, இனிமேல் தடையில்லை என்றேன். "சாமி வேணாம்னு சொன்னதை மறுபடி கேப்பாங்களா?" என்று வைத்துவிட்டார். கிடா அவர் தோட்டத்திலேயே வளர்ந்தது. வருகிறவர் போகிறவரை எல்லாம் ஒரு கண்ணால் முறைத்தது. நட்டு வைத்த முந்திரிக் கன்றுகளை மேய்ந்தது. வயதாகித் தானாகத்தான் செத்தது. ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் எனக்கு அந்த உறுத்தல் வரும். அண்ணனின் நம்பிக்கையோடு விளையாடிவிட்டேன், அதை அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

நான் ஓய்வு பெற்றபோது பிரிவு உபசார விழா நடந்தது. கோகிலா இப்போது ஒரு கல்லூரியில் இதே சட்டப் பாடம் நடத்துகிறாள். அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். பயல்களும் பெண்களுமாகக் கூடம் நிறைய உட்கார்ந்திருக்க, மேடையேறியவள் மஞ்சள் தண்ணீர்க் கதையை முழுசாக அவிழ்த்துவிட்டாள். முருகேசன், உலை, தர்மாமீட்டர், நூற்றிரண்டு, எதையும் விடவில்லை. கூடமே உருண்டு சிரித்தது. முதல் வரிசையில், என் மகனுக்குப் பக்கத்தில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் அவரிடம் போனேன். "அண்ணே, மன்னிச்சுக்க. ஒங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"என்னாத்த சொல்லியிருக்கணும்?" என்றார். "கழுத்தப் புடிச்சிருந்தது நானு. ஊத்துன தண்ணி கிடா மேல விழுந்ததுல பாதி எங்கையிலதான விழுந்துச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு. சிரிப்பு வந்துருமோன்னு மூஞ்சிய அது கழுத்துல வச்சு மறைச்சிக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? வேண்டுதல் நின்னா புள்ளைக்கு ஆவாதுன்னு அப்புடி அழுதியே?"

"அழுதேன். அப்பறம் கையில தண்ணி பட்டுச்சு" என்றார் அண்ணன். "பெத்தவளே தண்ணியக் காய வச்சுக் கொண்டாந்துட்டா. அவளுக்கே பயம் இல்லேன்னா, மாமங்காரன் எனக்கு என்ன பயம்?"